லேஞ்சி விரித்த கதிரை

திருகோணமலைப் புகையிரத நிலையத்தின் முதலாம் வகுப்புக் காத்திருப்பறையில் இருப்பவை ஆறே ஆறு பிரம்புக் கதிரைகள். பள்ளி விடுமுறை முடிகிற நாள் என்பதால், இலவசப் பயண வாறண்டோடு வந்த உத்தியோகத்தர்கள் குடும்பம் குடும்பமாக நெருக்கியடித்து நிற்கிறார்கள். சூட்கேசுகளின் மேல் குழந்தைகள் தூங்குகின்றன. வியர்வையும் பவுடரும் கலந்து மணக்கின்றன. துறைமுகப் பக்கத்து ஜன்னலால் சரியும் மாலை வெயில், யாரும் உட்காராத ஒரு கதிரையில் விழுகிறது. அதில் முகம் துடைக்கிற வெள்ளை லேஞ்சியொன்று விரித்துக் கிடக்கிறது. லேஞ்சி போட்ட இடத்தில் எவ்வளவு நெருக்கடியிலும் இங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அதன் பக்கத்தில், சுவரைப் பிடித்தபடி, ஓய்வுபெற்ற கிளாக்கர் தங்கத்துரை நிற்கிறார். தண்ணீர்ப் போத்தலோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறாள் அவர் மனைவி இரத்தினேஸ்வரி. “இஞ்சருங்கோ, உங்களை இதிலதானே இருத்திப்போட்டுப் போனனான். ஏன் எழும்பினீங்கள்?” துறைமுகத்தில் கப்பல் ஊதியதும் பார்க்க ஜன்னலடிக்குப் போய் வந்திருப்பார். போகும்போது தன் லேஞ்சியைப் போட்டு இடம் பிடித்துவைக்க மறக்கவில்லை. லேஞ்சியின் மூலையில் அவள் தைத்த நீல நிறத் ‘த’ தெரிகிறது. அவள் அதை எடுக்கக் குனிகிறாள். “பிள்ளை, எடுக்காதேங்கோ. ஆரோ பிடிச்சுவைச்ச இடம். ஆள் வந்திடுவார்,” என்கிறார் தங்கத்துரை. முப்பத்தெட்டு வருடங்களாக அவளை ‘நீர்’ என்றே கூப்பிட்டவர். அவள் கை லேஞ்சியின் மேலேயே நிற்கிறது. பிறகு மெதுவாகச் சொல்கிறாள்: “ஓம், அவர் எனக்குத் தெரிஞ்ச ஆள்தான். அவர் வாறமட்டும் நீங்கள் இருங்கோ.” தங்கத்துரை கதிரையின் விளிம்பில் மட்டும், உடனே எழும்பத் தயாராக உட்கார்ந்து, வாசலைப் பார்க்கிறார். அவளும் வாசலைப் பார்க்கிறாள்.