உள்ளடுக்குக் கிண்ணம்

"உன் தங்கத் துகள் மட்டும் செல்லுக்குச் செல் தாவுதே! மந்திரிச்சு விடுறியாடி?"

அலெக்சாந்திரியா ஆய்வகத்தில் நெவீன் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். உள்ளே பொறாமை.

"திசு உயிரோட, கதகதப்பா இருந்தாத்தான் துகள் நகரும்," என்றாள் ரிஹாப்.

"சூட்டுப் பெட்டியில உள்ளடுக்கைத்தான் நீ பட்டா போட்டுட்டியே! என் திசுக் கிண்ணம் கதவோரம்."

அன்று மாலை ரிஹாப் கிளம்பியதும், சூட்டுப் பெட்டியின் உள்ளடுக்கில் இருந்த கிண்ணத்தை நெவீன் அவசரமாக எடுத்து ஐஸில் செருகினாள். காலையில் முதல் ஆளாக வந்து திருப்பி வைத்தாள்.

பேராசிரியர் நுண்ணோக்கியில் குனிந்தார். "திசு செத்திருக்கு. ஒரு துகள்கூட நகரலை!"

"பாவம் ரிஹாப்," என்றாள் நெவீன்.

அவர் கிண்ணத்தின் அடியில் இருந்த பெயரைப் படித்தார். "இது உன்னோடது, நெவீன்."

ரிஹாப் பதறினாள். "கதவோரம் குளிருதுன்னு நேத்து போறப்போ உன் கிண்ணத்தை என் இடத்துல வச்சேனே... அங்கேயுமா செத்துப்போச்சு?"