ஆம்ப்ரோஸ் யாரோடு பேசுகிறார்?

"செத்துப்போன மகளோட தினமும் பேசுற ஆளை எப்படிண்ணே சேர்க்கிறது?"

லீலா தணிந்த குரலில்தான் கேட்டாள். ஆனாலும் சேதுபதி ஒருமுறை கதவைப் பார்த்துக்கொண்டார். வெளியே பெஞ்சில் அந்த ஆம்ப்ரோஸ் காத்திருந்தார்.

சிங்கப்பூரில், தேக்கா பக்கத்துச் சமூக நிலையத்தில் தந்தையர் துணை வாரியம் என்று ஒன்று அந்த வருஷம், எண்பத்து மூன்றில்தான் தொடங்கியிருந்தது. மனைவியைப் பறிகொடுத்தவர், குடியை விட முடியாதவர், பிள்ளை முகம் கொடுத்துப் பேசவில்லையே என்று தவிப்பவர் என்று பல தகப்பன்மார் வருவார்கள். அவர்களுக்குத் துணையாக இருக்கத் தகுதியான தொண்டூழியர்கள் வேண்டும். பொறுக்கி எடுக்கும் வேலை தலைவர் சேதுபதிக்கு. கூட லீலாவும் ஒலி முகம்மதுவும்.

"நீ கண்ணால பார்த்தியாம்மா?"

"நான் கீழ் மாடியில இருக்கேன். மேல் மாடிக்காரங்கதான் சொல்றாங்க. இருட்டினா வந்து பூட்டின வீட்டு வாசல்ல சப்பணம் போட்டு உட்கார்ந்துக்கிறாராம். ஆளே இல்லாம பேசுறாராம், சிரிக்கிறாராம். ஒருநாள் சின்னப் பிள்ளைக் குரல் பதில் சொல்லியிருக்கு. அந்தப் பக்கத்து சீனக் கிழவி பயந்து ஊதுபத்தி கொளுத்தி வச்சிடுச்சு. நீங்களும் நம்ம புளோக்லதானே இருக்கீங்க, உங்க காதுக்கு வரலையா?"

"எனக்கு வீடு படுக்கிறதுக்கு மட்டும்தான்மா. ஏழு நாளும் பொதுவேலை" என்றார் சேதுபதி, கொஞ்சம் பெருமையாகவே.

ஒலி முகம்மது சிரித்தார். "பேய்கூட அண்ணனைப் பார்க்கணும்னா அப்பாயின்ட்மென்ட் வாங்கணும் லா."

ஆம்ப்ரோஸை உள்ளே கூப்பிட்டார்கள். கப்பல் பட்டறையில் வேலை. பூசைக்குப் போகிறவர் மாதிரி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கைகள் மட்டும் கறுத்துக் காய்த்திருந்தன.

"பிள்ளைங்க?"

"ஒரே மகள் சார், பிரிஜட். தவறிட்டா. வீட்டுல தனியா இருந்தப்ப மூச்சு இளைப்பு வந்துடுச்சு. நான் ஓவர்டைம்ல இருந்தேன்." சற்று நிறுத்தினார். "அதான் சார் வந்தேன். மத்த தகப்பன்கிட்டயாவது சொல்லலாமேன்னு."

லீலா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். சேதுபதி தொண்டையைச் செருமினார்.

"பொழுது சாய்ஞ்சா காரிடார்ல உட்கார்ந்து பேசுறீங்களாமே. யாரோட?"

ஆம்ப்ரோஸ் நிமிர்ந்து சேதுபதியையே பார்த்தார். மற்ற இருவரையும் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஒரு பிள்ளையோட சார்."

"எந்தப் பிள்ளை?"

"அதை இங்க வச்சுக் கேக்காதீங்க சார்."

"சொல்லலைன்னா உங்களை எடுக்க முடியாதே."

"எனக்கு இது ரொம்ப வேணும் சார்" என்றார் ஆம்ப்ரோஸ். "ஆனா அதை மட்டும் கேக்காதீங்க."

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

"பாவம்தான். ஆனா புத்தி பிசகினவரை நம்பித் தகப்பன்மாரை அனுப்ப முடியுமா?" என்றார் சேதுபதி. இருவரும் தலையசைத்தார்கள். ஆம்ப்ரோஸ் வேண்டாம் என்று முடிவாயிற்று.

அடுத்த ஆளைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது கரண்ட் போனது. ஜன்னலுக்கு வெளியே அடுக்குமாடி புளோக்குகள் எல்லாம் இருண்டு நின்றன. கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அபூர்வமாக அன்றைக்குச் சேதுபதி நேரத்தோடு வீட்டுக்குக் கிளம்பினார்.

லிப்ட் ஓடவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு படியேறினார். 'அந்த ஆள் ஏன் என்னையே அப்படிப் பார்த்தார்? நான் என்ன பாவம் செய்தேன்?' நினைப்பில் எத்தனை மாடி ஏறினோம் என்பதே தப்பிப்போனது. எல்லா மாடியும் இருட்டில் ஒன்றாகவே இருந்தன. எங்கிருந்தோ ஊதுபத்தி வாசனை வந்தது.

அப்போதுதான் கேட்டது.

"பயப்படாத கண்ணு. நான் இங்கதான் இருக்கேன்."

ஆம்ப்ரோஸ்!

சேதுபதி சுவரோடு ஒட்டிக்கொண்டார். பதில் வராது, வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வந்தது.

"ரொம்ப இருட்டா இருக்கு."

மெலிந்த குரல். எங்கோ அடைபட்டுக் கிடக்கிற குரல். சேதுபதி முருகா என்று சொல்ல வாயெடுத்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதைவிடப் பயங்கரம், அந்தக் குரலை எங்கோ கேட்டது போலவும் இருந்தது.

"கதவுக்கு அடியில விரலை விடுறேன். தொட்டுக்கோ. ம்... இதோ, நான்தான்."

"கதவைத் திறக்கட்டுமா அங்கிள்?"

"வேணாம் வேணாம். யார் வந்தாலும் திறக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்கல்ல? அவங்க ஷிப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் நான் வெளியவே உட்கார்ந்திருக்கேன்."

சேதுபதியின் கால்கள் தாமாக இரண்டு படி ஏறின. பிறகு நின்றுவிட்டன.

"இன்னிக்கு ஏன் லேட்டு? நான் அழுதுட்டேன்."

"ஒரு இடத்துக்குக் கூப்பிட்டிருந்தாங்க கண்ணு. தினமும் யாரோட பேசுறேன்னு கேட்டாங்க."

"என்னைச் சொல்லிட்டீங்களா?"

"சொல்வேனா? கேட்டதே உங்க அப்பாதான். நாலு பேர் நடுவுல அவர் தலை குனியலாமா?"