உள்ளேயிருந்து தட்டும் சத்தம்

கண்ணாடியில் உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

அவன் ரப்பர் குழாயைக் கீழே போட்டான். தண்ணீர் அதன்பாட்டுக்கு ஷெட் வாசலில் ஓடியது.

காருக்குள் யாரும் இல்லை. நான்கு கதவும் அவன் கையால் சாத்தியவை.

ஒரே ஒரு தட்டு. தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, நிறுத்து என்று அதற்கு அர்த்தம். அப்படித் தட்டுகிறவள் ஒருத்திதான். அவன் மனைவி ருக்குமணி. அவள் செத்துப்போய் இது முதல் மழைக்காலம்.

ஒழுகுகிற காரில் ஓட்டையைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று, கீழிருந்து மேலாக, விரல் விரலாகத் தண்ணீர் காட்ட வேண்டும். இன்னொருவர் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு உள்ளே, டார்ச் லைட்டோடு, கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருக்க வேண்டும். தண்ணீர் லேசுப்பட்டதல்ல. நுழைவது ஓரிடம், தேங்குவது வேறிடம். முதல் சொட்டைப் பார்த்ததும் தட்டினால்தான் திருட்டு வழி அகப்படும்.

கல்யாணமான நாளிலிருந்து உள்ளே உட்கார்ந்தவள் ருக்குமணி. பின்சீட்டில், இடது பக்கம். வெளியே வரும்போது வேர்த்துக் கொட்டும். வந்ததும் வராததுமாகத் திட்டு விழும்.

"ஏனுங், தென்னைக்குப் பாச்சற மாதிரி ஊத்துனா நான் எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

அவள் போனபிறகு ஒழுகுகிற வண்டி எதையும் அவன் தொடவில்லை. இந்த வண்டிக்காரரைத்தான் மறுக்க முடியவில்லை. வீட்டில் கைக்குழந்தை, வண்டிக்குள் ஏறினாலே பூஞ்சை வாடை என்று காலையில் வந்து நின்றார்.

தனியாள் வேலை. உள்ளே தரையில் பழைய பேப்பர் விரித்து, முகப்பவுடர் தூவி வைத்திருந்தான். சொட்டு விழுந்தால் தடம் தெரியும் என்பது ஏற்பாடு.

இடதுபக்கப் பின்கதவைத் திறந்தான். சீட் காலி. பவுடர் தூவியது தூவியபடி இருந்தது. ஒரு சொட்டும் விழவில்லை. ஒரு காலும் படவில்லை.

அந்தக் கதவின் கண்ணாடி மட்டும் உள்பக்கம் ஆவி படிந்து புகைந்திருந்தது.

தரைவிரிப்பு ஊறிக் கிடக்கிறது, வெயில் இறங்கிவிட்டது, கண்ணாடி புகையாமல் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தொழில் தெரிந்தவனுக்கு இதிலெல்லாம் அதிசயம் ஏது?

மற்ற மூன்று கண்ணாடியும் பளிச்சென்று இருந்தன.

டார்ச்சை அடித்தான். கதவுக்கு மேலே, ரப்பர் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. விழலாமா வேண்டாமா என்றிருந்தது. அவள் ஒருநாளும் தப்பாகத் தட்டியதில்லை.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயமும்தான். எது முந்தியது என்று அவனுக்கே தெரியவில்லை.

"ருக்கு" என்றான், காலி சீட்டைப் பார்த்து.



பேப்பரை வாரிச் சுருட்டினான். பசை டியூபை எடுத்தவன், மூடியைத் திறக்காமல் நின்றான். ஓட்டையை அடைத்தால் சொட்டு நிற்கும். சொட்டு நின்றால் அவள் தட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

விட்டுவிடலாமா? இன்னும் ஒரு நாள் வண்டி இங்கேயே நிற்கட்டுமே. யார் கேட்கப் போகிறார்கள்?

அரைகுறை வேலை அவளுக்கு ஆகாது. அடைத்தான். அழுத்தித் தேய்த்தான். காயும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தான். பிறகு கதவைச் சாத்தினான்.

மறுபடி தண்ணீர் காட்டினான். கீழிருந்து மேலாக. அவள் சொல்கிற மாதிரி, மெதுவாக.

சத்தம் இல்லை.

அதே இடத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். தொட்டித் தண்ணீர் பாதிக்குமேல் தீர்ந்தது.

சத்தம் இல்லை.

வேலை சுத்தமாக முடிந்திருந்தது. அவளை இன்னொரு தடவை தூக்கிக் கொடுத்துவிட்டதாகவே நினைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, எல்லாம் பிரமை என்று முடிவுகட்டினான். தனியாகக் கிடக்கிற மனுஷனுக்கு எதுவும் கேட்கும்.

பொழுது சாயும் நேரத்துக்கு வண்டிக்காரர் வந்தார். சின்ன வயசு வாத்தியார். தாராபுரத்திலிருந்து மாற்றலாகி இந்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர். அவன் வீட்டு விஷயம் ஒன்றும் தெரியாதவர்.

"முடிஞ்சுதுங்களா? நான் ஒருக்கா உள்ள உக்காந்து பாத்துக்கறனுங்க. நீங்க வெளிய தண்ணி உடுங்க."

அவன் தலையாட்டினான். குழாயை எடுத்தான்.

வாத்தியார் இடதுபக்கப் பின்கதவைத் திறந்தார். உள்ளே குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். முகத்தில் பயம் இல்லை. தெரியாத பெண்பிள்ளைமேல் இடிக்கப் பார்த்துவிட்ட கூச்சம்தான் இருந்தது.

"ஆள் இருக்கறது தெரியலீங்க. நான் முன்னாடி உக்காந்துக்கறேன்" என்றார் சீட்டைப் பார்த்து.

கதவைச் சாத்தப் போனவர், பாதியில் நிறுத்தினார்.

"அக்கா, சேலையக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கங்க. கதவுல சிக்கிக்கும்."

கொஞ்சம் பொறுத்தார். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டு முன்பக்கம் போனார்.