போகாத முப்பத்தேழு பேர்

"ஊரே நம்ம கம்பெனியை விட்டுப் போயிடுச்சு சார். டெலானிபூர்ல முப்பத்தேழு வீடு மட்டும் பாக்கி" என்றாள் சித்ரா.

சென்னையிலிருந்து காலை விமானத்தில் வந்திறங்கிய மண்டல மேலாளர் அருண்பிரசாத், அதில் முதல் வாக்கியத்தைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. "முப்பத்தேழு பேர் இருக்காங்களா? ஏன் போகல?" என்றார்.

அதுதான் சித்ராவுக்கும் புரியவில்லை. அந்தமானில் பவளம் மொபைல் கம்பெனியின் ஜங்லிகாட் அலுவலகத்தில் மேனேஜரும் அவள்தான், கவுன்ட்டரும் அவள்தான், திட்டு வாங்குவதும் அவள்தான். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் இருபது நிமிடம் பாட்டுப் பாடும், அப்புறம் கட்டாகிவிடும். தப்பித்தவறி புகார் பதிவாகி ரிப்பேருக்கு ஆள் வந்துவிட்டால் இன்னும் மோசம். பக்கத்திலுள்ள கராச்சர்மாவில் நெட் மெதுவாக இருக்கிறது என்று புஷ்பம் டீச்சர் ஒரு புகார் கொடுத்தார். கம்பெனி ஆள் வந்து டவரில் ஏறி இறங்கினார். அன்றோடு போனில் பேச்சும் போயிற்று. மறு வாரம் கராச்சர்மாவே வேறு கம்பெனிக்கு மாறிவிட்டது.

மிச்சமிருக்கும் முப்பத்தேழும் போனால் அலுவலகத்தை மூடிவிட்டு, சித்ராவைச் சென்னைக்கு மாற்றிவிடுவார்கள். அவளுடையது நாலு தலைமுறையாகத் தீவிலேயே இருக்கும் குடும்பம். கணவன் வினோத்துக்குத் துறைமுகத்தில் வேலை. சென்னையில் அவளுக்குத் தெரிந்தது விமான நிலையம் மட்டும்தான். அதனால் அந்த முப்பத்தேழு பேரும் நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க, நேர்லயே கேட்டுடலாம். காரணம் தெரிஞ்சா எல்லா ஊர்லயும் அதையே செய்யலாம்" என்று கிளம்பிவிட்டார் அருண்பிரசாத்.

முப்பத்தேழு வீடுகளும் டெலானிபூர் மேட்டிலுள்ள அரசு குவார்ட்டர்ஸில் வரிசையாக இருந்தன. குடியிருப்போர் சங்கச் செயலாளர் பாலசுப்பிரமணியம் திருநெல்வேலிக்காரர், அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட். அவர் மனைவி இந்திராணி டீயும் நேந்திரங்காய் சிப்ஸும் கொண்டுவந்து வைத்தாள்.

எங்கள் கம்பெனியில் உங்களுக்கு என்ன பிடித்திருக்கிறது என்று அருண்பிரசாத் கேட்டார்.

"பஹுத் அச்சா, ரொம்ப நல்ல கம்பெனி சார். எங்களுக்கு ஒரு குறையும் இல்ல" என்றார் பாலசுப்பிரமணியம்.

அருண்பிரசாத் தன் போனை எடுத்துப் பார்த்தார். சிக்னலில் ஒரு கோடுகூட இல்லை. வாசலில் நின்று பார்த்தார், பால்கனியில் எக்கிப் பார்த்தார், கொல்லைப் பக்கமும் போய்வந்தார். எங்கும் இல்லை.

"அதையெல்லாம் நாங்க பெருசா எடுத்துக்கறதில்ல" என்றாள் இந்திராணி. அந்த நேரம் பார்த்து அடுக்களையில் ஒரு போன் அடித்தது. அவள் ஓடிப்போய் அதை அமுக்கிவிட்டு வந்தாள்.

அருண்பிரசாத் நெகிழ்ந்துபோனார். பதினெட்டு வருட சர்வீஸில் கம்பெனியின் மேல் இப்படிப் பாசம் வைத்தவர்களை அவர் பார்த்ததில்லை. மேட்டு உச்சியில் செத்துக் கிடக்கும் டவரைப் பத்தே நாளில் சரிசெய்து தருகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். உங்களுக்கு எதற்கு வீண் சிரமம், இருக்கிறதே போதும் என்று புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறிக் கெஞ்சினார்கள். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கம்பெனி வரலாற்றில் முதல் தடவையாகச் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. கப்பலில் சாமான் வந்தது. சென்னையிலிருந்து கெட்டிக்கார இன்ஜினீயர் ஒருவர் வந்து டவருக்கு உயிர் கொடுத்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் காலை சித்ரா ஷட்டரைத் திறக்க வந்தபோது, வாசலில் முப்பத்தேழு பேரும் வரிசையில் நின்றார்கள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் ஒவ்வொருவர் கையிலும் இணைப்பை ரத்து செய்யக் கேட்கும் விண்ணப்பம் இருந்தது.

"என்ன சார், சிக்னல் வரலையா?"

"வருதும்மா" என்றார் பாலசுப்பிரமணியம் எரிச்சலோடு. "குளியலறைல கூட வருது."

அதற்குள் அவர் போன் அடித்தது. நொந்துபோய் எடுத்தார். "ஆமா சித்தப்பா, அதே குவார்ட்டர்ஸ்தான்... ரெண்டு ரூம்தான் சித்தப்பா... பதினாலு பேரா?"

வைத்துவிட்டு சித்ராவைப் பார்த்தார். "மூணு நாள்ல இது ஏழாவது குடும்பம். எல்லாருக்கும் அந்தமானைச் சுத்திப் பாக்கணும், எங்க வீட்டுல தங்கணும், ஹேவ்லாக் தீவுக்குப் போற கப்பலுக்கு நாங்க டிக்கெட் எடுத்து வைக்கணும். இங்க பேசறதுக்கு எங்க எல்லார்கிட்டயும் வேற கம்பெனி சிம் இருக்கும்மா. இது மெயின்லேண்ட் சொந்தக்காரங்களுக்குன்னே வாங்கின நம்பர். இத்தனை வருஷமா, கிடைக்கலன்னா உங்க கம்பெனியைத்தான் திட்டினாங்க, எங்களை இல்ல."

சித்ரா முப்பத்தேழு விண்ணப்பங்களையும் வாங்கி மேசை டிராயருக்குள் தள்ளிப் பூட்டினாள். "ரெண்டே நாள் பொறுத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தன் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கே போன் போட்டாள். இருபது நிமிடம் பாட்டுக் கேட்டாள். அதிசயமாக ஒரு குரல் வந்தது.

"டெலானிபூர் டவர்ல ஏதோ கோளாறுங்க, உடனே ரிப்பேருக்கு ஆள் வேணும்" என்றாள் சித்ரா. "கராச்சர்மாவுக்கு வந்தாரே, அவரையே அனுப்புங்க."