ஒரே ஒரு ஹேஷ்டேக்

“கம்பெனி ஷாம்பூவுக்கு முப்பது ஹேஷ்டேக் போடுவீங்க. இதுக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணா?” மனைவி பொரிந்து தள்ளினாள்.

“ஊரே பாத்து என்ன பிரயோஜனம்? மார்க்கெட் தெரு ஆளுங்க பாத்தா போதும்,” என்றான் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவன். “அதான் தெருப் பேரையே போட்டேன்.”

“நாலு லைக்தான் வந்திருக்கு.”

“வேண்டியது ஒரே ஆள்.”

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

“சார், மார்க்கெட் தெரு சலூன்லேருந்து பேசறேன். தெருப் பேரைப் போட்டு என் கடை விளம்பரத்தைத் தேடினேன், உங்க போஸ்ட் வந்துது. எங்க தெருப் பக்கம் காணாமப் போனதா போட்டிருக்கற பெரியவர் இங்கதான் உக்காந்திருக்கார். முழுசா எடுத்தா உங்களுக்கு அடையாளம் தெரியாதேன்னு பாதித் தாடியோட நிறுத்தியிருக்கேன்.”

மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“மீதியையும் எடுத்துடச் சொல்லுங்க. மாசக்கணக்கா நான் கெஞ்சியும் மாமா மசியலை.”