ஒரு சொட்டு டீசல் இல்லாமல்

"கட்" என்று மூன்றாவது நாளாகக் கத்தினான் கதிரவன். "அக்கா, மொகமே தெரியல. ஒரே இருட்டா இருக்கு."

உட்காரச் சொன்ன இடத்தில்தான் கொளஞ்சியம்மாள் உட்கார்ந்தாள். அழச் சொன்னபோது அழுதாள். முகம் தெரியாததற்கு அவள் என்ன செய்வாள், பாவம்?

தானே புயல் காடாம்புலியூரில் அவளுடைய முந்திரித் தோப்பை அடியோடு சாய்த்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. கிணற்றடியில் ஒரே ஒரு பலா மட்டும் தப்பித்தது. அது மறுபடி தழைத்து, பிஞ்சும் விட்டிருந்தது. இந்த வருஷம் வீட்டுக்கு வரும்படி என்றால் அது ஒன்றுதான்.

கதிரவன் சிதம்பரத்தில் படிக்கிறவன். மரங்களைக் காப்பாற்றச் சொல்லி ஒரு பத்து நிமிஷப் படம் எடுக்கிறான். சுற்றுச்சூழல் படப் போட்டிக்குத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். அவன் படத்துக்கு லைட் கூடாது, ஜெனரேட்டர் கூடாது, கார் கூடாது, டீ குடிக்க பிளாஸ்டிக் கப்கூடக் கூடாது. கையில் காசும் இல்லாததால் கொள்கை இன்னும் கெட்டியாக இருந்தது. 'ஒரு சொட்டு டீசல் எரிக்காமல் எடுத்த படம்' என்று கடைசியில் போடுவதற்கு எழுத்து மட்டும் எப்போதோ தயார்.

சிக்கல் அந்தப் பலாவால்தான். காலையில் அதன் நிழல் அவள் முகத்தில் விழுந்தது. மதியத்துக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் போய்விட்டது. தள்ளி உட்காரவைத்தால், சாய்ந்து கிடக்கும் முந்திரி மறைந்து செல்போன் டவர் தெரிந்தது. இரவல் வாங்கிய கல்யாண வீடியோ கேமரா வேறு. நல்ல வெயில் இல்லாவிட்டால் அதற்குக் கண் தெரியாது.

கேமரா பிடித்த ஆரோக்கியராஜுக்குப் பொறுமை போய்விட்டது. பண்ருட்டியில் தெரிந்தவர் இரண்டு லைட்டும் சின்ன ஜெனரேட்டரும் சும்மாவே தருவார், அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றான்.

"டீசலா? நம்ம படத்துக்கா?"

"நாம வந்த பஸ்சு என்னா, தண்ணியிலயா ஓடுது மச்சான்?"

"அது நாம ஏறலன்னாலும் ஓடும்."

ஆரோக்கியராஜ் தலையில் அடித்துக்கொண்டு கேமராவைப் பையில் வைத்தான்.

கதிரவனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. யாரிடம் காட்டுவது? கொளஞ்சியம்மாள்தான் எதிரே இருந்தாள். மூன்று நாள் பாடு வீண், இனி நாளைக்கு ஒரு நாள்தான் என்று அவளிடம் புலம்பித் தீர்த்தான்.

"இந்தப் படத்தப் பாத்தா ஆயிரம் பேரு மரம் வைப்பாங்கக்கா. வெளிச்சம் இல்லாம எல்லாம் கெட்டுப் போவுது."

"ஆயிரம் பேரா தம்பி?"

"கொறஞ்சது ஆயிரம் பேரு."

அவள் இரண்டு பேருக்கும் மோர் கொடுத்து, பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று அனுப்பிவைத்தாள்.

மறுநாள் இரண்டு பஸ் மாறி வந்து இறங்கியபோது மணி ஒன்பது. வேலியைத் தாண்டியதுமே கதிரவன் துள்ளினான். வாசல் முழுக்க வெயில், ஒரு பொட்டு நிழல் இல்லை.

"டேய், லைட்டப் பார்றா. சீக்கிரம் கேமராவ எடு."

ஆரோக்கியராஜ் எடுக்கவில்லை. கிணற்றடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பலா அடியோடு அறுபட்டுப் பிஞ்சுகளோடு கிடந்தது. வெட்டிய இடத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது. மெஷின் ரம்பக்காரர் கூலியை வாங்கிக்கொண்டு அப்போதுதான் கிளம்பினார்.

கொளஞ்சியம்மாள் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். இன்று யாரும் அழச் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள்:

"ஆயிரம் மரம் வருதுன்னா ஒண்ணு போனாப் பரவால்ல தம்பி. நீ எடு."