வார்டனுக்கு வராத பட்டப்பெயர்

காலை ஏழரை மணி. பெண்கள் விடுதியின் குளியலறை வாசலில் வாளிகள் வரிசையாக நிற்கின்றன. குழாயில் காற்று மட்டும் வருகிறது. 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகைக்குக் கீழே, தலையில் துண்டு கட்டிய ஒருத்தி கத்துகிறாள்: "டேய் மாமா, என் சோப்பைக் குடுடா!" மாமா இரட்டைச் சடை ஆட ஓடி வருகிறாள். "தாத்தா எங்கடா?" "இன்னும் எழுந்திருக்கவே இல்ல மச்சான்." இந்த விடுதியில் மனதுக்குப் பிடித்தவளுக்கெல்லாம் ஓர் ஆண் பட்டம் உண்டு. சமையல்கார அக்காவுக்கே 'மாப்ள' கிடைத்துவிட்டது. வந்து இரண்டு மாதமாகியும் வார்டன் மட்டும் வெறும் 'மேடம்'. கேட்டு வாங்குகிற பொருளா அது? அந்த வயிற்றெரிச்சலில்தான் பட்டப்பெயர்களுக்குத் தடை என்று போன வாரம் அறிவிப்பு ஒட்டினார், ஒருத்தியும் படிக்கவில்லை. இப்போது சட்டைக் கையை மடித்துவிட்டு, ஸ்டூல்மேல் ஏறி, துருப்பிடித்த வால்வை இரண்டு கையாலும் மல்லுக்கட்டித் திருகுகிறார். குழாய் முனகுகிறது, இருமுகிறது, பிறகு சோவென்று தண்ணீர் வாளியில் கொட்டுகிறது. "பெரியப்பான்னா பெரியப்பாதான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சொன்னவள் உட்பட எல்லோரும் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். "யாருடி அது?" வார்டனின் குரல் விறைப்பாகத்தான் இருக்கிறது. வாளி நிரம்பி வழிகிறது, வெயில் ஈரத்தரையில் வழுக்கி உள்ளே வருகிறது. முழுதாகத் திறந்துவிட்ட வால்வைப் பிடித்தபடி பெரியப்பா சுவரைப் பார்த்தே நிற்கிறார். மலர்ந்துபோன இந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படித் திரும்புவது?